சுண்டிப் பார்த்து வாங்கிய கேமரா

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பெரிய குறை உண்டு. நமக்கு முந்தியவர்களிடம் பிலிம் போட்டு எடுத்த ஆல்பம் இருக்கிறது. நமக்குப் பின்னால் வந்ததுகள் பிறந்த நிமிடத்திலிருந்து போனில் இருக்கின்றன. நடுவில் ஐந்தாறு வருடம், பிலிம் கழுவுகிற கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன, போன் கேமராவும் நம் மாதிரி வீடுகளுக்கு வந்து சேரவில்லை. அந்த ஓட்டையில் விழுந்த செட்டு நாம். இப்போது காதோரம் நரைத்துவிட்டது. பதிமூன்று வயதில் எப்படி இருந்தோம் என்று பிள்ளைகள் கேட்டால் காட்ட ஒன்றும் கிடையாது. உங்களில் பலர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எங்கள் வீட்டில் கேமரா இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் அப்பா விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தார். மீட்டர் பெட்டியில் இருக்குமே வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை, அதைச் செய்கிற கம்பெனி. சூளையில் வெந்து வரும் கட்டைகளைத் தரம் பிரிப்பது அவர் வேலை. ஒவ்வொன்றாகக் காதருகே தூக்கி நடுவிரலால் ஒரு சுண்டு. ணங் என்றால் நல்லது, வலது பக்கக் கூடை. டொப் என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல், இடது பக்கக் கூடை. வருடக்கணக்கில் இதையே செய்ததில் அவர் காதுக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. தேங்காயைச் சுண்டலாம், யார் வேண்டாம் என்றது? சுவர்க் கடிகாரத்தைச் சுண்டுவார். குக்கரைச் சுண்டுவார். என்னுடைய ஜியாமெட்ரி பாக்ஸை வாங்கும்போதுகூடக் கடைக்காரர் எதிரிலேயே சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். நான் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

கம்பெனியிலிருந்து இன்னொரு பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். சூளையைச் சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருப்பதெல்லாம் வெடித்துவிடும் என்பார். அதனால் எதைக் கேட்டாலும் "ஆறட்டும்" என்பதுதான் பதில். மார்க் ஷீட்டில் கையெழுத்துக் கேட்டாலும் ஆறட்டும். அண்ணனோடு நான் சண்டை போட்டு நியாயம் கேட்டாலும் ஆறட்டும்.

அம்மா பொம்மைக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் வேகாத பச்சைப் பொம்மையின் இரண்டு பக்கமும் ஒரு பிசிறு கோடு ஓடும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, கோடு இருந்ததே தெரியாமல் செய்ய வேண்டும். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் அம்மாவின் நகக்கண்ணில் வெள்ளை மண் போகாது. அந்தக் கையால் சோறு பிசைந்து கொடுத்தால் மண் வாசனை லேசாக அடிக்கும். அப்போது எனக்கு அது பிடிக்காது, ஸ்பூன் கேட்பேன்.

எனக்குப் பதிமூன்று வயதான வருடம், மாசி மகம் முடிந்த வாரம் அப்பாவும் அம்மாவும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார்கள். அம்மாவுக்கு நாள்பட்ட வயிற்றுவலி.

"அல்சராம். காரம் சேத்துக்கக் கூடாதாம்" என்றார் அப்பா.

எங்கள் ஊரில் பிள்ளைகளிடம் சொல்ல முடியாத எல்லா வியாதிக்கும் அல்சர் என்றுதான் பெயர். அது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு நாள் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

"வூட்டுக்கு ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கேன்."

அண்ணன் அப்போது பாலிடெக்னிக் முதல் வருடம். சோற்றுக் கையோடு துள்ளினான். "கேமரா வச்ச செல்போனே வாங்கிடலாம்பா. ரெண்டும் ஆச்சு."

"போனு பேசறதுக்கு. எனக்கு வேண்டியது தெனம் படம் எடுக்கறதுக்கு. வெல கட்டுப்படியா இருக்கணும், பிலிம் வாங்கற செலவு இருக்கக்கூடாது."

"தெனமும் எடுத்து என்னாங்க பண்ணப் போறீங்க?" என்றாள் அம்மா. "தெனமும் இதே மூஞ்சிதான."

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "உப்பு அதிகமாயிடுச்சாட்டம் இருக்குது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் பஸ் ஏறி மங்கலம்பேட்டைக்குப் போனோம். அங்கே சவூதியில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய பாய் ஒருவர் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். அத்தர், பேரீச்சம்பழம், டார்ச் லைட், ரோஜாப்பூ போட்ட கனமான கம்பளி. கடைக்குள் நுழைந்ததும் அத்தர் வாசனையில் தலை கிறுகிறுக்கும். அம்மா கம்பளிப் பக்கம் போய் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் இரண்டு கேமராவை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார்.

முதல் கேமரா யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்து கொஞ்சநாள் வைத்திருந்து விற்றது. கைக்கடக்கமானது. பட்டனை அழுத்தினால் லென்ஸ் வெளியே நீண்டு வரும். பின்பக்கம் தீப்பெட்டி அளவுக்குத் திரை, பக்கத்தில் மெமரி கார்டு செருகுகிற இடம். இரண்டாவது புத்தம் புதியது, வெள்ளி நிறம், பெரியது. பிலிம் வேண்டாம், ஆனால் திரை கிடையாது, ஸ்டூடியோவில் கொடுத்துத்தான் படத்தைப் பார்க்க முடியும். எத்தனை படம் எடுத்தோம் என்று காட்ட ஒரு குட்டி நம்பர் மட்டும் ஓடும். விலை ஏறக்குறைய ஒன்றுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏழை, வாங்க முடியவில்லை என்று நீங்கள் யாரும் அப்பாவுக்காகப் பரிதாபப்படக் கூடாது.

"இதுல எடுத்தது இதுலயே தெரியும், பாருங்க" என்று பாய் முதல் கேமராவைக் கையில் எடுத்தார். "தங்கச்சி, கொஞ்சம் இப்புடித் திரும்புங்க."

அம்மா கம்பளியில் கை வைத்தபடியே திரும்பினாள். என்ன நினைத்தாளோ, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். க்ளிக்.

நாங்கள் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். தீப்பெட்டிக்குள் அம்மா. சிவப்புக் கம்பளிமேல் வெள்ளை நகம். அம்மாவுக்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல் உண்டு, அதற்குப் பயந்து எங்கே போட்டோ எடுத்தாலும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். இதில் அந்தப் பல் தெரிந்தது. அம்மாவும் வந்து பார்த்தாள்.

"ஐய, பல்லு தெரியுதே!" என்று சேலைத் தலைப்பால் வாயை மூடினாள். பிறகு, "இன்னொருவாட்டி காட்டுங்க பாய்" என்றாள்.

அப்பா கேமராவை வாங்கிக் காதருகே வைத்துச் சுண்டினார். அது போதாதென்று ஒரு குலுக்கு குலுக்கினார். உள்ளே கடகட என்றது.

"உள்ள வுட்டுப்போயிருக்குது."

"இல்லண்ணே, அது லென்சு. உள்ள போயி வர்ற லென்சு, குலுக்குனா ஆடத்தான் செய்யும்" என்றார் பாய்.

"ஆடுற சாமான் நாளைக்கு ஒடையும். என் காதுக்குத் தெரியாதா?" வெள்ளிக் கேமராவை எடுத்துச் சுண்டினார். ஆடுவதற்கு அதற்குள் ஒன்றுமே இல்லை, கட்டியாகச் சத்தம் வந்தது. அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "தோ, இது சாமான்."

அண்ணன் மன்றாடினான். "அப்பா, கார்டு போடறதுதாம்பா நல்லது. படத்த உடனே பாக்கலாம்பா."

"உடனே பாத்து என்னா ஆவப்போவுது? ஆறட்டும்."

பாய்க்கு எதை விற்றாலும் ஒன்றுதான். இருந்தாலும் அவர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்பா பணத்தை எடுத்துவிட்டார். கிளம்பும்போது திரும்பி, "பாய், அந்தப் படத்த அழிச்சுடுங்க. பொம்பள படம் கடையில கெடக்க வேணாம்" என்றார். பாய் எங்கள் எதிரிலேயே பட்டனை அழுத்தினார். திரையில் ஒரு சின்னக் குப்பைக்கூடை வந்தது. அம்மா போய்விட்டாள்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் க்ளிக் சத்தம்தான். அண்ணன் ஜங்ஷனுக்குப் போய் எஞ்சினை எடுத்தான், எதிர்வீட்டு ஆட்டுக்குட்டியை எடுத்தான், தன்னைத்தானே தலைகீழாக எடுத்துக்கொண்டான். நான் பள்ளிக்கூடத் தோழிகளை வரிசையாக நிற்கவைத்து எடுத்தேன். அப்பா வேலைவிட்டு வந்ததும் கேமராவைப் பிடுங்கி அம்மாவைத் தேடிப் போவார். அரிசி களையும்போது எடுப்பார், தண்ணீர்க் குடத்தோடு வரும்போது எடுப்பார். ஒருநாள் பொம்மைக் கம்பெனிக்கே போய், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, அம்மா பிசிறு சீவுவதை எடுத்துவிட்டு வந்தார். வேலை சேலையோடு எடுத்துவிட்டார் என்று அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. எங்களுக்கு எல்லாம் கூத்தாக இருந்தது. வயதான காலத்தில் அப்பாவுக்குக் காதல் வந்துவிட்டது என்று அண்ணன் கிண்டல் செய்தான். அப்பாவுக்கு அப்போது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை.

யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆட்டுக்குட்டியை எடுத்த நேரத்தில் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு தடவை எடுத்து முடித்ததும் அப்பா கேமராவின் வயிற்றைத் திறந்து இரண்டு செல்லையும் கழட்டிவிடுவார். நம் வீடுகளில் டார்ச், ரேடியோ, எதுவாக இருந்தாலும் அதுதானே வழக்கம்? உள்ளேயே விட்டால் செல் ஒழுகி அரித்துவிடும். கழட்டிய செல்லை மதில்மேல் வெயிலில் வைத்தால் கொஞ்சம் உயிர் வரும். மதில்மேல் படுத்திருந்த அந்தச் செல்களை உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள்.

ஒருநாள் மறுபடி செல் போட்டதும் நம்பரைப் பார்த்தேன். முந்தின நாள் பத்தொன்பது காட்டியது. இப்போது சைபர்.

"அப்பா, நம்பரு சைபரா இருக்குது. படமெல்லாம் போயிடுச்சா?"

அப்பா வாங்கிப் பார்த்தார். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, தெளிவாகச் சொன்னார். "பழசெல்லாம் உள்ள போயி சேந்துடுச்சும்மா. கம்பெனில ஒரு டிராலி நெறஞ்சு சூளைக்குள்ள போச்சுன்னா, பலகையில அழிச்சுட்டு அடுத்த டிராலிய ஒன்னுலேருந்துதான எண்ணுவோம்? அது மாதிரி."

எவ்வளவு அழகான விளக்கம் பாருங்கள். பாலிடெக்னிக் படிக்கிற அண்ணனும் தலையாட்டினான். எனக்கு மட்டும் உள்ளுக்குள் நெருடியது. ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போய்க் கேட்கலாம் என்றேன். பாதி அடுக்கின சூளைக்கு யாராவது தீ மூட்டுவார்களா, நிறையட்டும், மொத்தமாகக் கழுவலாம் என்றார் அப்பா. நானும் விட்டுவிட்டேன். அந்தச் சைபர் நெருடியது எனக்கு ஒருத்திக்குத்தான். இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும்.

வைகாசியில் அம்மா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவியது. ஒரு மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டு, ஈர முடியை முன்பக்கம் போட்டு, குனிந்து உதறிக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் போய் எடுத்துவிட்டேன். க்ளிக் கேட்டதும் முடிக்குள்ளிருந்து முகம் வந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தலவிரி கோலத்துலயா எடுக்கற? அத மட்டும் கழுவாத, சொல்லிட்டேன்" என்றாள். கொஞ்சநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். "ஏண்டி, அந்த பாய் கடையில எடுத்தாங்களே, அது நல்லா இருந்துச்சு இல்ல?"

"ஆமாம்மா. பல்லு தெரிஞ்சுது."

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுது. அத வாங்கியாரச் சொல்லேன் உங்கப்பாவ."

அப்பாவிடம் சொன்னேன். "அது அன்னிக்கே அழிஞ்சுபோச்சு. நம்ம கேமராவுலதான் அத்தினி எடுத்து வச்சிருக்கமே" என்றார். அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஆடி பிறந்து இரண்டாவது வாரம் அம்மா இறந்தாள். அல்சரில் யாரும் சாவார்களா என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சித்தி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். "வயித்துல புத்துநோயின்னு, ஆறு மாசம்னு டாக்டரு கெடு வச்சாரே, அத நெஞ்சுல பூட்டி வச்சாரே மாமா" என்று அவள் பாடியதில்தான் எங்கள் அம்மாவின் நோய் என்னவென்று எனக்குத் தெரிந்தது. தெருவே கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், ராகத்தோடு, எனக்கும் சொன்னார்கள். எதிரே அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் தெரியும்.

மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேண்டும் என்று நானும் அண்ணனும் கேமராவை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனோம். ஸ்டூடியோக்காரர் வயரை மாட்டிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கழட்டி மறுபடி மாட்டினார். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"செல்ல எப்பயாச்சும் கழட்டுனீங்களா தம்பி?"

"தெனமும் கழட்டுவோம்ணே."

"இது மலிவு சரக்கு. கார்டு கெடையாது. செல்லு இருக்கற வரைக்கும்தான் படம் நிக்கும், கழட்டுனா அத்தோட போச்சு. இதுல ஒன்னுமே இல்லப்பா."

தெருவுக்கு வந்ததும் அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு அப்படியே மங்கலம்பேட்டைக்கு மிதித்தான், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாய்க்கு எங்களை நினைவிருந்தது. அந்தக் கேமராவை விற்று வெகுநாளாகிவிட்டது. "உங்க எதுருலயே அழிச்சனே பாப்பா" என்றார். எனக்குப் பேரீச்சம்பழம் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். வழியில் அதை வாய்க்காலில் எறிந்தேன், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தே.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அப்பாவிடம் சொன்னான். "மிஷினு ரிப்பேருப்பா. படமெல்லாம் உள்ளயே மாட்டிக்கிட்டுது. இப்ப எடுக்க முடியாதாம்."

அப்பா இருந்த இருப்பைப் பார்த்து அவன் அப்படிச் சொன்னான். நானும் வாயைத் திறக்கவில்லை. ஆறட்டும் என்று விட்டோம். அவரிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது அதுதான்.

வீட்டில் வேறு படம் கிடையாது, அதனால் வாக்காளர் அட்டையில் இருந்த அம்மாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். தெளிவில்லாத இடத்தையெல்லாம் ஸ்டூடியோக்காரர் தானே நிரப்பினார். அம்மா கட்டாத பட்டுச்சேலை, அம்மா வைக்காத அகலப் பொட்டு, இறுக்கி மூடிய உதடு. அந்தப் பெண்ணுக்குத்தான் இத்தனை வருடமாகப் படையல் போடுகிறோம். என் பெண் சின்ன வயதில் அதைப் பார்த்து, "இதான் உங்க அம்மாவா? கோவமா இருக்காங்க" என்றாள். அவளுக்குக் காட்ட என்னிடம் வேறு அம்மா இல்லை.

போன மாதம் விருத்தாசலம் போயிருந்தேன். அண்ணன் ஓசூரில் இருக்கிறான், நான் சென்னையில். அப்பா அதே வீட்டில் தனியாக இருக்கிறார். என் புதுப் போனைக் கையில் வாங்கியதும் முதுகில் ஒரு சுண்டு சுண்டிவிட்டுத்தான் கொடுத்தார். பிறகு பீரோவைத் திறந்து பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்தார். அந்த வெள்ளிக் கேமரா. பூச்சு உரிந்து கறுத்திருந்தது. செல் போடுகிற இடம் சுத்தமாக இருந்தது, துருவே இல்லை.

"இப்பல்லாம் அழிஞ்சுபோனதயே எடுத்துக் குடுக்கறாங்களாமே, டிவில சொன்னான். மெட்ராஸ்ல காட்டிப் பாரும்மா." காதருகே தூக்கி, நடுவிரலால் சுண்டினார். "தோ, கேளு. விரிசல் இல்ல. உள்ள பத்திரமாத்தான் இருக்கா."

இருக்குது என்று சொல்லவில்லை, அம்மாவைச் சொல்வதுபோல இருக்கா என்றார். எனக்குள் எங்கேயோ பற்றிக்கொண்டது. எழுபதை நெருங்குகிற மனிதரிடம் சொல்லக்கூடாதுதான். சொன்னேன்.

"உள்ள ஒன்னும் இல்லப்பா. ரிப்பேருன்னு அண்ணன் பொய் சொன்னான். அதுல செல்லு இருந்தாத்தான் படம் நிக்கும். நீங்க ஒவ்வொருவாட்டியும் கழட்டிக் கழட்டி மதில் மேல வச்சீங்க. அன்னன்னிக்கே எல்லாம் போயிடுச்சு."

அப்பா கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பாய் எடுத்தாரே, அது?" என்றார்.

"அதையும் நீங்கதான் அழிக்கச் சொன்னீங்க."

இந்த இரண்டு பதிலையும் பல வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அப்பா இன்னொரு தடவை கேமராவைச் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு துணியில் சுற்றாமல் கட்டிலில் தன் இடது பக்கம் வைத்தார்.

"யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கழட்டியிருப்பனாம்மா?" என்றார்.

"ஆறு மாசம்னு எங்களுக்கும் யாரும் சொல்லலப்பா" என்றேன்.